உள்தாழ்ப்பாள்

மாற்றுத்திறனாளிப் பெண்கள் பன்னிரண்டு பேர் தங்கியிருந்த அந்த விடுதியில் கழிப்பறையோடு சேர்ந்த குளியலறை மூன்று. உள்தாழ்ப்பாள் ஒன்றுகூட இல்லை. முன்பு இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒருத்தி உள்ளே வழுக்கி விழ, கதவை உடைக்க வேண்டியதாகிவிட்டது. மறுநாளே வார்டனம்மா ஆளைக் கூப்பிட்டு எல்லாத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டாள். வழுக்குகிற தரையை மட்டும் யாரும் தொடவில்லை. என்ன புத்தியோ போங்கள்!

அதற்குப் பதிலாக ஓர் ஏற்பாடு. உள்ளே போகிறவள் கதவின்மேல் துண்டைப் போட வேண்டும். துண்டு தொங்கினால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பெண்களுக்கு அது போதும். தண்ணீர் மோட்டாரைப் பார்க்க வருகிற மோட்டார்க்காரனுக்குத் துண்டு கண்ணிலேயே படாது. "அட, கவனிக்கலம்மா" என்பான், நிதானமாகப் பார்த்து முடித்துவிட்டு. காலடிச் சத்தம் கேட்டதும் "ஆள் இருக்கு!" என்று மற்றவர்கள் கத்துவார்கள். காது கேட்காத சின்னவள் என்ன செய்வாள்? அவன் அப்படி நுழைந்த மூன்றாவது முறை அவள் ஈரத் துணியோடு ஓடிவந்து கலெக்டரின் கட்டிலுக்குப் பின்னால் சுருண்டுகொண்டாள்.

'கலெக்டர்' என்பது விடுதிக்காரிகள் வைத்த பட்டப்பெயர். இரண்டு ஊன்றுகோல்களில் நடப்பாள். கீழே தையல் கூடத்தில் சட்டைக்குக் காலர் வைப்பாள். எதற்கெடுத்தாலும் மனு எழுதுவாள். விளக்கு எரியவில்லையா, மனு. படியில் கைப்பிடி ஆடுகிறதா, அதற்கும் ஒரு மனு. அன்று அவளுக்கு வந்ததே ஒரு கோபம்! மோட்டார்க்காரனை விசாரிக்க வேண்டும்; உள்ளேயிருந்து போடுகிற, ஆபத்தென்றால் வெளியிலிருந்து சாவியால் திறக்கிற தாழ்ப்பாள் வேண்டும்; சாவி எங்களிடமே இருக்க வேண்டும் என்று எழுதினாள். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அந்த மனுவை விசாரிக்க அதிகாரி வருகிற நாளன்று காலையில் வார்டனம்மா தையல் கூடத்துக்கு வந்தாள். "குறை இருக்கிறவங்க சொல்லுங்க. வீட்டுக்கு போன் போட்டுக் கூட்டிட்டுப் போகச் சொல்லிடறேன்" என்றாள், சிரித்துக்கொண்டே. வீடு என்றால் என்னவென்று அங்கே எல்லோருக்கும் தெரியும். தையல் மிஷின் ஒவ்வொன்றாக நின்றது.

அதிகாரியம்மா நல்ல மாதிரியாகத்தான் இருந்தாள். ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். "பிரச்சினை எதுவும் இல்ல மேடம்." "எனக்குத் தெரியாது மேடம்." பக்கத்து மிஷினில் பட்டன் வைக்கிற பட்டன்காரி, கலெக்டரோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவள், அவளும் தலையைக் குனிந்துகொண்டாள். சின்னவளிடம் யாரும் கேட்கவே இல்லை.

"அப்போ இந்தப் பன்னெண்டு கையெழுத்து?" என்றாள் அதிகாரியம்மா.

பாவிகளா, ஒருத்தியாவது வாயைத் திறக்கக் கூடாதா என்றிருந்தது கலெக்டருக்கு. ஆனால் பட்டன்காரி தைத்த பட்டனையே மறுபடி மறுபடி தைத்துக்கொண்டிருப்பதையும் அவள் பார்த்தாள்.

"எல்லாம் நானே போட்டது மேடம்" என்றாள்.

"இது மோசடின்னு தெரியுமில்ல?" அதிகாரியம்மா மனுவை மடித்துப் பைக்குள் போட்டாள். "இத வச்சு என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

கிளம்பும் முன் அவளுக்குக் குளியலறைக்குப் போக வேண்டியிருந்தது. போனாள். கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாளைத் தேடினாள் போலிருக்கிறது. உடனே திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"நீங்க போங்க மேடம், நான் வெளிய நிக்கிறேன்" என்றாள் வார்டனம்மா.

"பரவால்ல. நான் ஆபீஸ்ல போயிக்கிறேன்."

"நாங்க எந்த ஆபீசுக்குப் போறது மேடம்?"

கேட்டது கலெக்டர்தான். அதிகாரியம்மாவின் முகம் சிவந்தது. அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினாள்.

"புதுசா எழுதிக் குடும்மா. ஒரே கையெழுத்து போதும்."

கலெக்டர் சுவரில் சாய்ந்துகொண்டு எழுதினாள். முழுசாக இரண்டு பக்கம். சற்றுத் தள்ளிப் பதினோரு பேர் நின்றார்கள். ஒருத்தியும் கிட்டே வரவில்லை. அடியில் அவள் பெயர் மட்டும் தனியாக இருந்தது.

வார்டனம்மா சும்மா இருப்பாளா? மோசடி செய்தவளை வைத்திருக்க முடியாது என்று அன்றைக்கே போன் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். "உனக்கு வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா?" என்று அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். விடைகொடுக்க வாசலுக்கு யாரும் வரவில்லை. மேலே ஜன்னலில் சின்னவள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒன்பதாம் நாள் பட்டன்காரியிடமிருந்து போன்.

"அக்கா... மூணுலயும் தாழ்ப்பா போட்டுட்டாங்க. நீ எழுதின மாதிரியே. சாவி நம்ம கிட்டதான். அந்த மோட்டார்க்காரனையும் போலீஸ் கூட்டிட்டுப் போச்சு."

"சின்னவ?"

"இப்பல்லாம் குளிக்கப் போனா அரை மணி நேரம் வர மாட்டேங்கிறா." பட்டன்காரி அழ ஆரம்பித்துவிட்டாள். "என்ன மன்னிச்சிடுக்கா."

"அட விடுடி" என்றாள் கலெக்டர். பட்டன்காரி போனை வைத்த பிறகும் இவள் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வீட்டில் அவளுக்கு ஒதுக்கியிருந்தது கூடத்து மூலை. ஒரு பழைய புடவையைக் குறுக்கே கட்டி மறைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் அண்ணனின் சிநேகிதர்கள் இரண்டு பேர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றுக்குப் புடவை விலகுவதும் மூடுவதுமாக இருந்தது. விலகும்போதெல்லாம் ஒரு தலை இந்தப் பக்கம் திரும்பியது.

அவள் ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணே" என்று கூப்பிட்டாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "எனக்கு ஒரு கதவு வேணும்."