நீல மானும் சிறுவாச்சூர் பஸ்ஸும்

மனைவி பூங்குழலி இறந்த ஆறாம் மாதம், ஓய்வுபெற்ற வாத்தியார் வீரமணிக்குப் பக்தி வந்தது. அதுவும் மெக்சிகோ சாமி மேல்.

உள்ளூர்ச் சாமிகளோடு அவருக்கு வாழ்நாள் பகை. பூங்குழலி சிறுவாச்சூர் காளி கோயிலுக்குள் போனால், இவர் வெளியே பகுத்தறிவோடு பஜ்ஜி தின்றுகொண்டிருப்பார்.

மகள் அனுப்பிய வீடியோவில், மெக்சிகோ மலைகளில் வாழும் ஹுயிச்சோல் மக்கள் பலகையில் தேன்மெழுகு பூசி, வண்ண நூலை அதில் அழுத்திப் படம் செய்தார்கள். அது அலங்காரம் இல்லை, வேண்டுதல். அந்தப் படத்தின் வழியே தெய்வங்கள் நம்மைப் பார்க்குமாம். தெய்வங்கள் பார்க்கும்போது பக்கத்திலிருந்து பூங்குழலியும் எட்டிப் பார்க்க மாட்டாளா? இந்த ஒரு கேள்வியில் வீரமணியின் பகுத்தறிவு படுத்துவிட்டது.

வாசல் தோரணம் பின்ன அவள் வாங்கி வைத்திருந்த உல்லன் நூலை எடுத்தார். ஹுயிச்சோல் மக்களின் புனித விலங்கான நீல மானைச் செய்தார். பெரம்பலூர் வெயிலில் மெழுகு இளகி, மானின் கால்கள் நான்கு திசைக்கும் நழுவின.

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி பார்த்தாள். "என்னண்ணே, ஆடு படுத்திருக்கு?"

"மான், பாப்பாத்தி."

"கொம்ப மறைச்சா ஆடுதாங்க. செவுத்துல மாட்டப் போறீங்களா?"

"மாட்டக் கூடாது. சாமி இருக்கற எடத்துல வெச்சுட்டு வந்துரணும். அப்பதான் வேண்டுதல் போய்ச் சேரும்."

"அந்தச் சாமிக்கு நம்ம பக்கம் கோயில் ஏதுண்ணே? சிறுவாச்சூர்ல வைங்க. ஆத்தா குடுத்து அனுப்பும். அண்ணிக்குப் பழக்கமான எடம் வேற."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் வீரமணி பஸ் நேரம் விசாரித்தார்.

வெள்ளிக்கிழமை பாப்பாத்தி துணைக்கு வர, பஸ்ஸில் பலகையை மார்போடு அணைத்துப் போனார். இறங்கும்போது வெள்ளைச் சட்டையில் மானின் வால் ஒட்டியிருந்தது. பிய்த்துப் பழைய இடத்தில் அழுத்தினார். பழைய கழகத் தோழர்கள் யாரும் தென்படவில்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே நுழைந்தார்.

மரத்தடியில் யார் யாரோ கட்டிய தொட்டில்களுக்குக் கீழே பலகையைச் சாய்த்து வைத்தார். வேண்ட வாய் வரவில்லை. அவள் நூல் அது. விட்டுவிட்டு வரவும் கை வரவில்லை.

"கெளம்புங்கண்ணே, பஸ் வந்துரும்."

"இரு பாப்பாத்தி."

தலையை விரல்களால் கோதினார். சட்டையை இழுத்து நேராக்கி, மேல் பொத்தானைப் போட்டார். பிறகு மானுக்கு நேர் எதிரே, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி, கொஞ்ச நேரம் நின்றார்.