ஒரு வண்டி, இரண்டு விலாசம்

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் அவள் எழுதிய புதுக் கணினி நிரல் ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சுற்றிலும் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருக்க, அவள் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சும்மாவா அவளுக்குச் ‘சந்தேகப் பிராணி’ என்று பெயர் வைத்தார்கள்?

பழைய நிரல் அழைப்புகளை ஒவ்வொன்றாகத்தான் எடுக்கும். கணினிக்குள் எட்டு மூளை இருந்தும் ஒன்று மாடாய் உழைக்க, மற்ற ஏழும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். மழை நாளில் ஜனங்கள் காத்துக் கிடப்பார்கள். எட்டையும் வேலை வாங்கு என்றார் மேலாளர், ஏதோ எட்டு நாற்காலி வாங்கிப் போடச் சொல்வதுபோல.

அவளும் வாங்கினாள். ஆனால் ஒரு வண்டி காலியாக நிற்பதை இரண்டு மூளைகள் ஒரே நொடியில் பார்த்தால், இரண்டும் அதையே ஆளுக்கொரு வீட்டுக்கு அனுப்பிவிடும். அதற்காகப் பூட்டுப் போட்டாள். ஒன்று வண்டியைத் தேர்ந்தெடுத்து முடிக்கும்வரை மற்றவை காத்திருக்க வேண்டும். எல்லா இடத்திலும் பூட்டினால் பழைய ஆமை வேகம்தான். அதனால் பார்த்துப் பார்த்துப் போட்டாள். எங்காவது விட்டுப்போயிற்றோ என்ற பயத்தில், நடப்பதையெல்லாம் பதிவுசெய்ய நிரலில் ஒரு வரியும் சேர்த்து வாரக்கணக்கில் ஓட்டிச் சோதித்தாள். ஒரு தப்பும் வரவில்லை.

இன்று காலை மேலாளர் அந்த வரியை எடுக்கச் சொன்னார்.

“அது எழுதி எழுதியே பாதி நேரத்தைத் தின்னுடுதும்மா. சோதனைதான் முடிஞ்சிடுச்சே.”

“அது இருக்கறப்போதானே சார் சோதனை பண்ணினோம்? எழுத நிக்கிறதாலயே அந்த எட்டும் மோதாம இருந்திருக்கலாம்.”

“உனக்கு நிழலைப் பார்த்தாலும் பயம்.”

அவள் எடுத்துவிட்டாள். வேண்டாம் என்று இன்னும் ஒருமுறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கைப்பேசி அதிர்ந்தது. தம்பி. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன், வேலை நேரத்தில் கூப்பிடவே மாட்டான்.

“அக்கா, என் வண்டிக்கு ரெண்டு விலாசம் வந்திருக்கு, ஒரே நேரத்துல. ஒண்ணு குழந்தைக்கு மூச்சுத்திணறல், ஒண்ணு நெஞ்சுவலி. ஒண்ணு அந்தக் கோடி, ஒண்ணு இந்தக் கோடி. மையத்துல கேட்டா கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்கறாங்க. நான் எங்க போறது?”

இதையெல்லாம் முடிவு செய்ய அவள் யார்?

“குழந்தைகிட்ட போடா,” என்றாள்.

மேலாளர் என்ன ஏது என்று கேட்பதற்குள் புது நிரலை நிறுத்திப் பழையதை ஓடவிட்டாள். பழையது வரிசையாக அழைப்புகளை எடுத்தது. நெஞ்சுவலிக்காரரை மட்டும் தொடவில்லை. அவருக்குத்தான் வண்டி அனுப்பியாயிற்று என்று கணக்கில் இருக்கிறதே. அடுத்த வண்டியைக் கையாலேயே அந்த விலாசத்துக்குத் திருப்பினாள். அது வந்துசேர அரை மணி ஆகும். அந்த வீட்டு எண்ணை அழுத்தினாள்.

ஒரு பெண் எடுத்தாள். “வந்துட்டீங்களா? வண்டி கிளம்பிடுச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரர் கார் எடுத்துட்டு வந்தாரு, அதான் வேண்டாம்னு அனுப்பிட்டேன்.”

“அவரைத் திரும்பக் கூப்பிடுங்கம்மா. உங்க வண்டி இப்போதைக்கு வராது.”

வாசலை நோக்கி ஓடுகிற காலடிச் சத்தம்தான் கேட்டது.