தங்க ஹெல்மெட் யார் தலையில்

எஸ்கோ ருயிக்காவின் முழங்காலை உடைப்பது என்று நான் முடிவு செய்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமைதான் கடைசி வாய்ப்பு. சீசனின் கடைசி ஆட்டம், எங்கள் ஊர் கயானியில். கோப்பைச் சுற்றுக்கு எங்கள் அணி தேறவில்லை. எனக்கு முப்பத்தைந்து வயது. ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை காலை எழுந்தால் நான் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரன் இல்லை, வெறும் ரௌனோ வெஸ்ட்டாலா. அதற்குப் பிறகு எஸ்கோவின் முழங்காலைத் தொட்டால் போலீஸ் வரும். வியாழக்கிழமை தொட்டால் நடுவர் மட்டும்தான் வருவார்.

நான் தற்காப்பு ஆட்டக்காரன். முன்வரிசைக்காரர்கள் முன்னோக்கி ஓடிப் பெயர் வாங்குவார்கள். நாங்கள் பின்னோக்கிச் சறுக்கியே பிழைப்பு நடத்துகிறவர்கள். எதிரே வருகிறவனின் மார்பைப் பார்த்தபடி, அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவனுக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பதினாறு வருடத்தில் பத்தொன்பது கோல் போட்டிருக்கிறேன். தடுத்ததற்குக் கணக்கு இல்லை.

இருபத்தொன்பதாவது வயதில் அமெரிக்காவிலிருந்து ஓர் அணி கூப்பிட்டது. கையெழுத்துப் போட்டாயிற்று. ஆகஸ்டில் விமானம். மார்ச்சில் எஸ்கோ ஆடிய வர்க்கவுஸ் அணியுடன் ஓர் ஆட்டம். ஐந்துக்கு ஒன்று என்று நாங்கள் முன்னால் இருந்தோம். நான்கு நிமிடம்தான் பாக்கி, யாருக்கும் எதற்கும் ஓட வேண்டிய அவசியமில்லை. எஸ்கோ என்னைக் கடந்து போகிறபோது தன் முழங்காலை வெளியே நீட்டினான். காய்ந்த பிர்ச் விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். பனியில் கிடந்த என் முகத்துக்கு நேரே குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"அமெரிக்கா எங்கயும் ஓடிப் போயிடாது, ரௌனோ."

அவனுக்கு இரண்டு நிமிடத் தண்டனை. எனக்கு இரண்டு அறுவைச் சிகிச்சை. அமெரிக்காவிலிருந்து மூன்று வரியில் ஒரு கடிதம் வந்தது. அடுத்த இலையுதிர் காலத்தில் அவன் ஸ்வீடனுக்கு ஆடப் போய்விட்டான். ஐந்து வருடம் அங்கேயே இருந்தான். இந்த வருடம்தான் வர்க்கவுஸுக்குத் திரும்பி வந்தான். இதற்கு முன் நடந்த இரண்டு ஆட்டத்தில் ஒன்றில் எனக்குக் காய்ச்சல், இன்னொன்றில் அவனுக்கு இடுப்புப் பிடிப்பு.

புதன்கிழமை சாயங்காலம் டிவியில் செய்திகளை எழுத்தாகக் காட்டும் டெலிடெக்ஸ்ட் பக்கத்தைத் திறந்தேன். இந்த நாட்டில் ஹாக்கி பைத்தியம் பிடித்த எவனும் தூங்கப் போவதற்கு முன் அதைப் பார்ப்பான். வர்க்கவுஸ் அணிப் பட்டியலில் முதல் பெயர் ருயிக்கா, ஐம்பத்திரண்டு பாயிண்ட். அடுத்தது ஹாபா என்று ஒரு பையன், ஐம்பத்தொன்று. கோல் போட்டாலும் கோலுக்குப் பாஸ் கொடுத்தாலும் ஒரு பாயிண்ட்.

எனக்குத் தேவையானது அந்த முதல் பெயர்தான். எங்கள் லீகில் ஒவ்வோர் அணியிலும் அதிக பாயிண்ட் எடுத்தவன் தங்க நிற ஹெல்மெட் போட்டு ஆடுவான். விளம்பரக்காரர்களுக்கு அது கௌரவம். எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு வசதி. கூட்டத்தில் ஆளைத் தேட வேண்டியதில்லை.

வியாழக்கிழமை அரங்கத்துச் சிற்றுண்டிக் கடையில் வழக்கம்போலப் பட்டாணி சூப். நான் தொடவில்லை. உடைமாற்றும் அறையில் எங்கள் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் ஆர்மாஸ் என் வலது முழங்காலுக்குப் பட்டை சுற்றினார். மற்றவர்கள் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளப் பனித்தளத்துக்குப் போய்விட்டார்கள்.

"நீ போகலையா?"

"இந்த முட்டிக்கு எதுக்குங்க ரெண்டு தடவை சிரமம்? ஒரே தடவை போதும்."

ஆர்மாஸ் பட்டையை இழுத்துப் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆறு வருஷமா அடைகாக்கற. கோழி கூட மூணு வாரத்துல எழுந்திருச்சிடும்."

"முட்டை பெரிசுங்க."

"அழுகிப்போயிருந்தா?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

நேராக ஆட்டத்துக்குத்தான் இறங்கினேன். கொடியேற்றம், அறிவிப்பு எதுவும் காதில் விழவில்லை. நடுவர் விசில் ஊதினார். முப்பதாவது வினாடியில் எங்கள் பக்கம் வந்த பக், அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு, சுற்றுப்பலகையில் மோதித் திரும்பியது. வர்க்கவுஸின் பின்வரிசைக்காரன் அதை நடுவே தள்ளிவிட்டான். மோசமான பாஸ், வாங்க வேண்டியவனுக்கு ஒரு முழம் பின்னால் போனது.

வாங்க வேண்டியவன் தங்க ஹெல்மெட்.

அவன் கழுத்தைத் திருப்பி, தலை குனிந்து, கால்களுக்குப் பின்னால் பக்கைத் தேடிக்கொண்டே வேகமாக வந்தான். என் தொழிலில் இப்படி ஒருவன் கிடைப்பது வருடத்துக்கு ஒரு முறை. எங்கள் பகுதியின் எல்லையான நீலக் கோட்டை விட்டு முன்னால் பாய்ந்தேன். தோளால் இடித்திருந்தால் சட்டப்படி சரி. நான் தோளைக் கொண்டு போகவில்லை.

அதே சத்தம். காய்ந்த பிர்ச் விறகு.

விழுந்தவன் முகத்துக்கு நேரே குனிந்தேன். ஆறு வருடம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"ஸ்வீடன்ல இருந்து எதுக்குடா திரும்பி வந்த?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். இருபது வயதிருக்கும். கன்னத்தில் பருக்கள். வலியில் உதடு வெளுத்திருந்தது.

"நான் ஸ்வீடனுக்குப் போனதே இல்லையே," என்றான்.

எனக்குப் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். வெள்ளை ஹெல்மெட். அதற்குள் எஸ்கோ ருயிக்கா. அவன் கையுறையைக் கழற்றவில்லை, என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. அந்தக் காலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

நடுவர் என்னை ஆட்டத்திலிருந்து வெளியேற்றினார். உடைமாற்றும் அறையில் ஆர்மாஸ் விஷயத்தைச் சொன்னார். போன சனிக்கிழமை ஆட்டத்தில் ஒரு கோலுக்கான பாஸ், எஸ்கோவின் பெயரில் எழுதப்பட்டிருந்தது. அது ஹாபாவுடையது என்று லீக் இன்று காலையில் திருத்தம் அனுப்பியதாம். எஸ்கோ ஐம்பத்தொன்று, பையன் ஐம்பத்திரண்டு. ஹெல்மெட் கை மாறிவிட்டது.

"காலையிலயே பேக்ஸ் வந்துச்சு. சுவத்துல ஒட்டினேன். யாரு படிக்கிறீங்க?" என்றார் ஆர்மாஸ். பிறகு குரலைத் தாழ்த்தி, "திருத்தச் சொல்லிக் கேட்டதே எஸ்கோதான்" என்றார்.

ஆட்டம் முடிந்ததும் வர்க்கவுஸ் அணியின் பேருந்து அருகே அவனைப் பிடித்தேன். அவன் பையைக் கீழே வைத்துவிட்டு, அடி வாங்கத் தயாரானவன் போல நின்றான்.

"நீயா எழுதிக் கேட்ட?"

"ஆமா. அந்த பக் என் மட்டையில படவே இல்ல. பையன் குடுத்த பாஸ்."

"இருபது வருஷமா ஆடற. இதுக்கு முன்னால எத்தனை பாயிண்ட்டைத் திருப்பிக் குடுத்திருக்க?"

அவன் பேருந்தின் சக்கரத்தைப் பார்த்தான்.

"சொல்லு எஸ்கோ."

"இது ஒண்ணுதான்."

"அதுவும் கயானி ஆட்டத்துக்கு முன்னால. நான் தங்க ஹெல்மெட்டைத்தான் தேடுவேன்னு தெரிஞ்சு."

"உன்கிட்ட நான் என்னத்தைச் சொல்ல? ஹெல்மெட்டைக் குடுத்தது நான். முட்டியைக் குடுத்தது நீ."

அவனை அங்கேயே அடித்திருக்கலாம். கை எழவில்லை. அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் காரணம்.

மறுநாள் மத்தியானம் மருத்துவமனைக்குப் போனேன். சாமுலி ஹாபா கால் முழுக்கக் கட்டோடு படுத்திருந்தான். அவனுடைய அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனார். நான் கொண்டுபோன ஏலக்காய் ரொட்டிப் பொட்டலத்தை மேஜையில் வைத்தேன்.

"மன்னிப்பு கேக்க வந்தேன்," என்றேன்.

"அது கிடக்கட்டும். அந்த ஸ்வீடன் கதை என்னன்னு சொல்லுங்க. ராத்திரி பூரா அதையே யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

சொன்னேன். அமெரிக்கா, முழங்கால், டெலிடெக்ஸ்ட், பேக்ஸ், பேருந்து, ஒரே ஒரு பாயிண்ட். எஸ்கோவின் பங்கைக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். அவன் மீது இன்னொரு ஆளும் வெறுப்பு வைத்தால் எனக்குச் சுமை குறையும் என்று ஒரு கணக்கு.

சாமுலி கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்க ஓய்வு பெறப் போறீங்களாமே?"

"நேத்தோட முடிஞ்சுது."

"முடிக்காதீங்க."

"என்ன?"

"பத்து மாசத்துல ஆடலாம்னு டாக்டர் சொல்றாரு. ஜனவரி கடைசில நாங்க மறுபடி கயானிக்கு வருவோம். அதுவரைக்கும் ஆடுங்க. மன்னிப்பு எல்லாம் எனக்கு வேணாம். நீங்க பனியில இருக்கணும், அவ்வளவுதான்."

அவன் குரலில் கோபமே இல்லை. ஒரு சாமானைக் கேட்கிற மாதிரி கேட்டான். ஆறு வருடம் நான் எஸ்கோவிடம் கேட்க நினைத்ததும் அதேதான். கேட்கத் தெரியவில்லை.

திங்கட்கிழமை போய் இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். பத்து ஆட்டத் தடை விதித்தார்கள், அதைக் கழித்தேன். முழங்காலில் தண்ணீர் கோத்தது. ஆர்மாஸ் திட்டிக்கொண்டே பட்டை சுற்றினார். ஜனவரி வந்தது.

இந்த முறை எல்லோருக்கும் முன்னால் பனித்தளத்துக்குப் போனேன். தங்க ஹெல்மெட் எஸ்கோவின் தலையில். சாமுலி வெள்ளை ஹெல்மெட்டில், லேசாகக் காலை இழுத்தபடி. இருவர் எண்ணையும் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது நிமிடம் எங்கள் கோலுக்குப் பின்னால் பக் உருண்டு வந்தது. அதை எடுக்கத் தற்காப்புக்காரன் எதிரிக்கு முதுகைக் காட்டியாக வேண்டும். பின்னால் சறுக்குக் காலணிக் கத்திகள் பனியைக் கீறும் சத்தம் கேட்டது. ஒரு கால் அழுத்தம், ஒரு கால் லேசு. யாரென்று தெரிந்தது. பக்கைப் பலகையோடு விட்டுவிட்டு விலகியிருக்கலாம். அவன் பத்து மாதம் காத்திருந்தவன். திரும்பி அவனை நேரே பார்த்து நின்றேன்.

அவன் முழங்காலைக் கொண்டு வரவில்லை. தோளைக் கொண்டு வந்தான். விலாவில் இரண்டு எலும்பு போனது. சுத்தமான இடி, நடுவர் விசிலைக் கூடத் தொடவில்லை.

நான் மூச்சு வராமல் கிடந்தேன். சாமுலி குனிந்தான்.

"ஸ்வீடன்ல இருந்து எதுக்குத் திரும்பி வந்தீங்க?"

"நான்... போனதே இல்லடா."

அவன் சிரிக்கவில்லை. எங்கள் பகுதியின் மறுகோடியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்த தங்க ஹெல்மெட்டைத் தலையால் காட்டினான்.

"அடுத்த சீசன் அவர் வேற அணிக்கு ஆடப் போறாராம்," என்றான். "ஒரே அணியில இருக்கற வரைக்கும் தொட முடியாது, பாருங்க."

பிறகு கையைக் கொடுத்து என்னைத் தூக்கிவிட்டான்.