கோட்டுக்கு இந்தப் பக்கம்

தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் அடுப்பும் லூர்து மேரியும். இந்தப் பக்கம் அஸ்ஃபியா, வெறுங்கையோடு.

திண்டிவனத்தில் கிளாரா டீச்சர் நடத்தும் வகுப்பின் முறையே இதுதான். சமையல் செய்தபடி இங்கிலீஷ் பேச வேண்டும். ஆனால் ஒருத்தி வாய், இன்னொருத்தி கை. வாய் சொன்னதை மட்டுமே கை செய்யும். தமிழ் வரக் கூடாது, வாய்க்காரி கோட்டைத் தாண்டக் கூடாது. உப்பைச் சொல்ல மறந்தால் உப்பில்லாமல் தின்றார்கள். மூன்று மாதமும் சிரிப்பாகத்தான் போயிற்று.

இன்று விழுப்புரத்தில் வகுப்பில் எல்லாருக்கும் பரீட்சை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் அலுவலகத்தின் தேவநாதன் நாற்காலியில் இருந்தார். லூர்து மேரி காலையிலேயே தேறிவிட்டாள். அஸ்ஃபியா தேறினால் புருஷன் யாஹ்யா வண்டி ஓட்டுகிற ஷார்ஜா பள்ளியிலேயே சமையலறை வேலை. தேறாவிட்டால் அவனை இன்னும் இரண்டு வருஷம் போனில்தான் பார்க்க வேண்டும். பஸ் ஏறியதிலிருந்து அவளுக்கு அந்தப் பயம்தான்.

அஸ்ஃபியா பஜ்ஜிக்கு வாழைக்காய் நறுக்கி மாவு கரைக்கச் சொன்னாள். எண்ணெய் ஊற்றச் சொன்னாள். அடுப்பைப் பற்ற வைக்கச் சொன்னாள். தேவநாதனின் பேனா ஏதோ எழுதியது. அதைப் பார்த்ததும் அடுத்த வார்த்தை வரவில்லை.

எண்ணெய் புகைய ஆரம்பித்தது. லூர்து மேரி கையைக் கட்டிக்கொண்டு அவள் வாயையே பார்த்தாள். ஸ்டாப், ஆஃப் எல்லாம் அஸ்ஃபியா வீட்டில் மகளிடம் தினம் நூறு தரம் சொல்கிற வார்த்தைகள். இப்போது ஒன்றுகூட எழும்பவில்லை. புகை தடித்தது. எதையாவது சொல்லியாக வேண்டும் என்ற பயத்தில் நாக்கில் அகப்பட்டது ஒன்றுதான்.

"வாட்டர்," என்றாள். "போர் வாட்டர்." எண்ணெயில் தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டாள்.

லூர்து மேரியின் முகம் வெளுத்தது. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு தண்ணீர்ச் செம்பை எடுத்தாள்.

கோட்டைத் தாண்டியது அஸ்ஃபியாவுக்கே தெரியாது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டாள். சிந்திய இரண்டு சொட்டு எண்ணெயில் விழுந்து வெடித்து, லூர்து மேரியின் புறங்கையில் தெறித்தது. கிளாரா ஓடிவந்து கேஸை மூடினாள்.

தாண்டினால் போச்சு என்றுதான் தேவநாதன் முதலில் சொன்னார். கிளாரா வெகு நேரம் கெஞ்சிய பிறகு, எண்ணெய் ஆறட்டும், இன்னும் ஒரே ஒரு தரம் என்றார்.

குழாயடியில் லூர்து மேரி கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, காயுற எண்ணெயில தண்ணி ஊத்தினா இன்னா ஆவும்னு உனக்குத் தெரியாதா?" என்று அஸ்ஃபியா கேட்டாள்.

"தெரியும்டி."

"அப்புறம் இன்னாத்துக்குச் செம்பைத் தூக்கின?"

"நீ சொன்னியே. நான் ஊத்தலன்னா உனக்கில்ல பரீட்சை போயிடும். மூஞ்சியத் திருப்பிக்கினு ஊத்திடலாம்னு பாத்தேன்."

குழாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அஸ்ஃபியா குழாயை மூடினாள். வேறு யாரையாவது கைக்கு வைத்துக்கொள்கிறேன் என்றாள்.

"எவடி வருவா? எல்லாருந்தான் பாத்துக்கினு இருந்தாளுங்களே," என்று லூர்து மேரி சிரித்தாள்.

மறுபடியும் கோடு. மறுபடியும் எண்ணெய். இந்தத் தரம் அஸ்ஃபியா பேனாவைப் பார்க்கவில்லை. கொப்புளம் எழும்பிய அந்தக் கையைத்தான் பார்த்தாள். தான் எதைச் சொன்னாலும் அது செய்யும். காலையில் பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று தோன்றியது.

"ஸ்மால் ஃபயர்," என்றாள். கை திருகியது. "வெயிட். நோ டச்." ஒவ்வொரு வார்த்தையையும் வாய்க்குள்ளேயே ஒரு முறை பார்த்துவிட்டு வெளியே விட்டாள். "ஒன் பீஸ். ஸ்லோ." பஜ்ஜி பொரிந்து தட்டுக்கு வந்தது. தேவநாதன் போதும் என்று தலையாட்டி, பாரத்தில் கையெழுத்துப் போட்டார். தேறிவிட்டாய் என்று கிளாரா அவள் தோளைத் தொட்டாள்.

அவள் காதில் அது விழவில்லை. "ஸ்டவ் ஆஃப்," என்றாள். "கோ பேக். மோர் பேக்." லூர்து மேரி சுவரில் முதுகு முட்டும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.