கைக்கு முந்திய சத்தம்

1

இந்தக் கதை ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. மேலகரத்தில் தூரத்து உறவு வீடு. எனக்கு எதிர் இலையில் கைலாசம் என்ற பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். பேச்சு குற்றால சீசனைப் பற்றிப் போனது.

"அந்தக் காலத்துல சாரல் விழுந்தா பங்களாவுல நாடகம் வைப்பாவ. நான் சின்னப் பய. பபூன் பலவேசம்னு ஒருத்தன். கூட ஒரு பொம்பள காமிக்கு. அவ என்னமோ எடக்கா சொல்லுவா. இவன் வச்சான் பாரு ஒண்ணு..."

இடது கையால் தன் கன்னத்திலேயே பட்டென்று தட்டிக் காட்டினார். பந்தி முழுவதும் சிரித்தது. பாயசம் ஊற்ற வந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அவ பேரு என்ன தாத்தா?" என்றேன்.

"யாரு பேரு?"

"அடி வாங்கினவ பேரு."

"அது யாருக்குத் தாயி தெரியும். டோலக்கு வாசிச்சவன் பேரு துல்கர்னைன். கெட்டிக்காரன்."

"அவ என்ன எடக்கு சொன்னா?"

"அடி ஞாபகம் இருக்கு. அவ சொன்னத எல்லாம் எவன் கேட்டான்?"

மறுபடியும் சிரித்தார்கள். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். கோபத்தோடு எழுதக் கூடாது, ஆறப்போட்டு எழுத வேண்டும் என்பார்கள். ஆறப்போட்டுப் பார்த்தேன். ஆறவில்லை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"1937, ஆடி மாதம். சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் வள்ளித்தாயின் இடது கன்னத்தில் —"

(வேண்டாம்.)

"பளார் என்ற சத்தம் கேட்டதும் கூட்டம் —"

(இது இன்னும் மோசம்.)

"பலவேசம் அடிப்படையில் நல்ல மனிதர். மேடையில் அடித்தாலும் பிறகு —"

மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. எங்கே தொடங்கினாலும் என் பேனா அந்தக் கன்னத்துக்குத்தான் ஓடுகிறது. பந்தியில் சிரித்தவர்களும் நானும் ஒரே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் சிரித்துக்கொண்டு பார்க்கிறார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிறேன். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே அவள் செய்த வேலையிலிருந்து தொடங்குகிறேன். பெயர் நான் வைத்தது: வள்ளித்தாய்.

3

ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஒரு கம்பெனியைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரிலிருந்து தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டு வந்து சேர்வார்கள். ஒத்திகை கிடையாது. ராஜாவுக்கும் ராணிக்கும் பாட்டு உண்டு, கதை உண்டு. சிரிப்புக் காட்டும் காமிக்காரர்களுக்கு அது எதுவும் கிடையாது. உள்ளே சீன் மாற்றும்போது அவர்கள் வெறும் படுதாவுக்கு முன்னால் வந்து நின்று, பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு சனங்களை உட்கார வைக்க வேண்டும்.

அதற்கு வாய் போதும் என்று நினைப்பீர்கள். காதுதான் வேண்டும். சிரிப்பு எழும்பி, விரிந்து, அடங்கத் தொடங்கும். முழுக்க அடங்கிய பிறகு பேசினால் கூட்டம் ஆறிப்போயிருக்கும். அடங்குவதற்கு முன் பேசினால் சொல் சிரிப்புக்குள் முங்கிப்போகும். இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடம். அதை வள்ளித்தாய் காதால் பிடிப்பாள். பலவேசத்துக்கு அது வராது. அவர் அவளுடைய கண் அசைவைப் பார்த்துத்தான் அடுத்த வரியை எடுப்பார்.

(போன பத்தியைத் திரும்பப் படித்தேன். பலவேசம் 'அவர்', வள்ளித்தாய் 'அவள்'. இத்தனை கோபத்திலும் கை பழக்கப்பட்ட வழியில்தான் போகிறது. இனிமேல் இருவருக்கும் ஒரே மரியாதை: அவன், அவள்.)

சீசனுக்கென்று அவர்களுக்கு ஓர் ஆட்டம் இருந்தது. அவன் தொப்பி வைத்த வெளியூர்க்காரன். அவள் இலத்தூரிலிருந்து மோர் விற்க வந்தவள்.

"ஏட்டி மோர்க்காரி, இந்த அருவியில குளிச்சா பைத்தியம் தெளியுமாமே, நெசமா?"

"தெளியும் அண்ணாச்சி. அதான் வருசம் தவறாம வெளியூர்க்காரவுகளா வந்து குவியுதாவ."

இந்த வரியை நான் எழுதினேன். அவள் சொன்னது இதைவிட நன்றாக இருந்திருக்கும். அதைக் காப்பாற்றி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வரிக்குச் சிரிப்பு எழும்பும். அது விரிவதற்குள் அவன், "வாய் நீளுதோ?" என்று கையை ஓங்கி வீசுவான். கை கன்னத்துக்கு நான்கு விரல் தள்ளி நின்றுவிடும். அதே நொடியில் துல்கர்னைன் டோலக்கில் ஒரு அடி அடிப்பார். (இவருக்கு 'அவர்' இருக்கட்டும். ஏன் என்று பிறகு தெரியும்.) சத்தம் தோலிலிருந்து வரும். அவள் தலையைத் திருப்பிக்கொள்வாள். எல்லா ஊர் மேடையிலும் இதுதான் வழக்கம். யாருக்கும் வலிக்காது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அவள் சம்பாதித்த சிரிப்பு பாதி எழும்பியிருக்கும்போதே அதை அந்தச் சத்தம் பிடுங்கிக்கொள்ளும். வலிக்காத அடியிலும் இந்தத் திருட்டு உண்டு.

4

1936 ஆனி. குற்றாலத்தில் ஒரு பண்ணையாரின் பங்களா. பிற்பகல் நாடகம். முற்றத்துப் பந்தலில் சாரல் உள்ளே அடித்தது. துல்கர்னைன் டோலக்கைத் தணலில் காட்டிச் சூடேற்றாமல் எடுத்துவந்துவிட்டார். தோல் நமுத்துப்போயிருந்தது. பலவேசம் கையை வீசினான், அவர் அடித்தார். 'பொத்' என்று ஈரத்துணி விழுந்த மாதிரி ஒரு சத்தம். முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை.

பங்களாக்காரர்கள் வெறிக்க வெறிக்கப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் கொட்டாவி விட்டார். பலவேசம் பயந்துபோனான். மறுபடி கையை வீசினான். இந்த முறை நான்கு விரல் தூரத்தில் நிறுத்தவில்லை.

5

இங்கே ஓர் அடி எழுதப்பட வேண்டும். எழுதமாட்டேன்.

6

சிரிப்பு முன்பைவிடப் பெரிதாக வந்தது. அதுதான் கேடு. அன்றிலிருந்து நாடகத்துக்கு ஆள் அமர்த்த வருகிறவர்கள் முதலில் கேட்டது, "அந்த அடி உண்டுல்லா?" என்பதுதான். பலவேசத்தைத் தனியாகவோ வள்ளித்தாயைத் தனியாகவோ யாரும் கூப்பிடவில்லை. அடியைத்தான் கூப்பிட்டார்கள். அதோடு இவர்கள் இருவரும் போனார்கள்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பலவேசம் வெற்றிலை மடித்துக் கொடுப்பான்.

"வலிச்சுதா வள்ளி? அடுத்த ஊருல மெள்ள அடிக்கேன்."

"மெள்ள அடிச்சா சத்தம் வராதுன்னு அண்ணாச்சிக்கே தெரியும்."

"நான் என்ன செய்ய? சனம் கேக்குது."

"டோலக்க அடிக்கச் சொல்லுமே. தோலு காஞ்சுதான கெடக்கு."

"உண்மையான அடிய பாத்தவன் இனி பொய்யான அடிக்குச் சிரிப்பானா? நம்ம வயித்துப்பாட்டயும் பாக்கணும்லா."

பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை, அடிபட்ட பக்கத்துக் காதில் விட அவளுக்குக் கொண்டுவந்து கொடுப்பான். இந்தக் கதையின் முதல் வரைவைப் படித்த ஒரு நண்பர், "பலவேசத்தையும் ஒரு மனிதனாகக் காட்டியிருக்கிறீர்கள், அது பிடித்தது" என்றார். எண்ணெய் கொடுத்ததைத்தான் சொல்கிறார். வள்ளித்தாயையும் ஒரு மனுஷியாகக் காட்டியிருக்கிறீர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

அவள் அதற்குள் வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தாள். குற்றாலத்தில் இருந்தவரை இடது காதில் இரைந்துகொண்டிருந்ததை அருவி என்று நினைத்தாள். தென்காசிக்கு வந்த பிறகும் அருவி நிற்கவில்லை. பண்பொழியில் ஒரு நாடகம், அங்கேயும் கூடவே வந்தது. பிறகு ஒருநாள் மேடையில், சிரிப்பு அடங்கிவிட்டது என்று நினைத்து வாயைத் திறந்தாள். இன்னும் அடங்கவில்லை. அவளுடைய வரி முங்கிப்போனது. அந்த மயிரிழை இடம் எங்கே என்று முதல்முறையாகத் தெரியவில்லை.

அவளுக்கு வேறு தொழில் தெரியாது. இன்னொரு சீசன் இந்த அடி தொடர்ந்தால் படுதாவுக்கு முன்னால் அவள் அடி வாங்குவதற்கு மட்டுமே நிற்க முடியும்.

7

அடுத்த வருடம் ஆடியில் அதே பங்களாவிலிருந்து அழைப்பு வந்தது. நாடகத்தன்று காலையில் தென்காசி ரயிலடிக் காப்பிக் கடையில் அவள் துல்கர்னைனுக்கு இடப்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள், வலது காது அவர் பக்கம் வரும்படி.

"பாய், இன்னைக்கு அவரு கைய ஓங்குததுக்கு முன்ன நீங்க அடிச்சிருங்க."

"முன்னயா? தாளம் தப்புனா என்னயத்தான ஏசுவாவ."

"ஏசட்டும். போன வருசம் நீங்க தோலக் காய வைக்காம வந்ததுக்கு எவனும் ஏசலயே. நான்லா வாங்கினேன்."

அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறிப்போன பிறகும் ஆற்றினார்.

"சத்தம் முந்தி வந்தா சனம் சிரிக்குமா தாயி?"

"சிரிக்கும். அவுக பழகிட்டாவ. சத்தத்துக்குத்தான் சிரிக்காவ, என் கன்னத்துக்கா சிரிக்காவ?"

"சரி. சிரிச்சிட்டாவ. பொறவு?"

"பொறவு அடிக்க என்ன இருக்கு? அவரு கை மேலயே நிக்கும். எங்கன இறக்கன்னு தெரியாம நிக்கும். அத வச்சு நான் பேசிக்கிடுதேன்."

"பலவேசம் சும்மா விடுவானா?"

"நீங்க தோலக் காய வையுங்க பாய்."

அன்று அவர் கரி அடுப்பு ஒன்றை வண்டியில் கூடவே ஏற்றிவந்தார்.

8

கைலாசத்தின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "பலவேசம் அடிக்காம விட்ட நாள் ஏதும் உண்டா தாத்தா?"

"அடி இல்லாம என்ன காமிக்கு?" என்றார்.

ஆக, நடக்கவில்லை. ஏழாவது பிரிவும் முழுக்க என் கற்பனை. அப்படியானால் முடிவையும் நான்தான் செய்ய வேண்டும். சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அவள் மேடையை விட்டு இறங்கிச் செங்கோட்டை ரயில் ஏறிப் போய்விடுகிறாள். (தொழிலை விட்டு ஓட வேண்டியவள் அவளா?)

பலவேசம் மனம் மாறிக் கண் கலங்குகிறான். (அவன் கண்ணைத் துடைக்க எனக்கு நேரமில்லை.)

அவள் திருப்பி அடிக்கிறாள். கூட்டம் கைதட்டுகிறது. (இதைத்தான் நீங்கள் எதிர்பார்த்தீர்கள் என்று நினைக்கிறேன். நானும் எழுதி மகிழ்ந்தேன். பிறகு அவளுடைய வேலை என்ன என்பது நினைவுக்கு வந்தது. அவள் பேசுகிறவள்.)

9

பங்களா முற்றம். சாரல். தொப்பி வைத்த வெளியூர்க்காரன் கேட்கிறான், மோர்க்காரி பதில் சொல்கிறாள். சிரிப்பு எழும்புகிறது. பலவேசத்தின் தோள் அசைவதற்கு முன்பே டோலக்கில் ஒரு அடி. காய்ந்த தோல், துல்லியமான சத்தம். பங்களாவே பொங்கிச் சிரிக்கிறது. அதற்குப் பிறகு கை மேலே போகிறது. தாமதம் அதற்கே தெரிந்துவிட்டது போல அங்கேயே நிற்கிறது.

வள்ளித்தாய் அந்தக் கையை அண்ணாந்து பார்க்கிறாள்.

"சத்தம் வந்துட்டு அண்ணாச்சி. கை மட்டும் இன்னும் வண்டியிலயா வருது?"

இங்கே நிறுத்துகிறேன். பலவேசத்தின் கை ஓங்கியபடியே இருக்கிறது. நான் இறக்கமாட்டேன். துல்கர்னைன் டோலக்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டுவிட்டார். இனி அவரிடமிருந்து சத்தம் வராது. முன்வரிசையில் ஒருவர், அடி எங்கே என்று பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்கிறார். பலவேசத்துக்கும் அது கேட்கிறது.

அவள் சொன்னதை நீங்கள் கேட்டீர்கள். இந்த முறை அதைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. அதற்குச் சிரிக்கப்போகிறீர்களா, கைக்காகக் காத்திருக்கப்போகிறீர்களா என்பது எனக்குத் தெரியாது. வள்ளித்தாய்க்கும் தெரியாது. வலது காதை உங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறாள்.