தற்காலிக மாடல்

அந்த அலுவலகத்தில் ஐம்பது பேர். ஐம்பது பேருக்கும் அவள் அக்காதான். அவளைவிட ஏழு வயது மூத்த மேனேஜரும் அப்படித்தான் கூப்பிடுவார். தங்கையின் கணவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எல்லார் முன்னாலும் ‘அக்கா’ என்று வாய் தவறிச் சொல்லிவிட, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பதிலுக்கு அவள் சொன்ன ‘மாப்பிள்ளை’யும் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அந்த வேலைக்குச் சிபாரிசு செய்ததும் அவள்தான். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. பிறர் சொன்னபோது மறுத்ததும் இல்லை.

லிஃப்டை இயக்கும் போர்டுகளைச் செய்கிற கம்பெனி அது. போர்டில் சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே செம்புத் தடங்களை வரைகிற லேஅவுட் வேலை மாப்பிள்ளையுடையது. அந்தத் தடங்களில் சிக்னல் ஒழுங்காகப் போய்ச் சேருமா, இல்லை முட்டித் திரும்பிக் குழம்புமா என்று கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது அக்காவின் வேலை. சிப் செய்கிறவர்கள் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று உயிரே போனாலும் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு மாடல் ஃபைல் தருவார்கள். சிப்பின் காலில் இத்தனை வோல்ட் இருந்தால் இத்தனை மின்னோட்டம், சிக்னல் ஏற இவ்வளவு நேரம், இறங்க இவ்வளவு நேரம் என்று வெறும் அட்டவணைகள். ஆளின் மனசு தெரியாது, நடத்தை மட்டும் தெரியும். உலகத்தில் பாதிக் கல்யாணம் அப்படித்தானே நடக்கிறது, அதற்கு மேல் என்ன வேண்டும் என்பாள் அக்கா.

புது போர்டு அவள் கணினியில் வெண்ணெய் போல ஓடியது. நிஜ போர்டைச் செய்து மின்சாரம் கொடுத்தால், ஆறு மாடிக் கட்டடத்துக்கான லிஃப்ட், தான் நாற்பத்தேழாவது மாடியில் நிற்பதாகச் சொன்னது. சிக்னலைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் ஸ்கோப்பை வைத்துப் பார்த்தார்கள். சிக்னல் ஏறிய இடத்தில் நிற்காமல் தலைக்கு மேலே துள்ளி, நாலைந்து முறை ஆடிவிட்டுத்தான் அடங்கியது.

கணினியில் சரி, போர்டில் தப்பு என்றால் போர்டை வரைந்தவர்தானே காரணம். மாப்பிள்ளை எல்லாத் தடங்களையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வரைந்தார். அக்கா ஓட்டிப் பார்த்து, இந்த முறை இன்னும் அழகாக இருப்பதாகச் சொன்னாள். இரண்டாவது போர்டும் வந்தது. லிஃப்ட் மறுபடியும் நாற்பத்தேழுக்கே போனது. கூட்டத்தில் மேனேஜர் காரணம் கேட்டபோது, மாடல் பொய் சொல்லாது என்று அக்கா பொதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. மாப்பிள்ளை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கையேடு எழுதும் பிரிவுக்கு மாற்றுவதென்று பேச்சு வந்தது. தடம் வரைவதைத் தவிர வேறெதிலும் ருசி இல்லாத மனிதர் அவர். திங்கட்கிழமை உத்தரவு வரும் என்றார்கள்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மாப்பிள்ளைக்குக் கடைசியாக ஓர் உதவி செய்வோம் என்று பெரிய மனசு பண்ணி, சிப் கம்பெனிக்குச் சூடாக ஒரு கடிதம் எழுதினாள். உங்கள் சிப் உங்கள் மாடல்படி நடக்கவில்லை, பதில் சொல்லுங்கள் என்று கேட்டு, ஃபைலையும் இணைத்து அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்த பதில் மிகவும் மரியாதையாக இருந்தது. தாங்கள் அனுப்பிய ஃபைல் எங்களுடையது அல்ல. அதன் நான்காம் வரியைப் பார்க்கவும். சரியான ஃபைலை இணைத்துள்ளோம்.

நான்காம் வரி ஒரு குறிப்பு வரி. தொடக்கத்தில் ஒரு செங்குத்துக் கோடு இருக்கும், அதைப் பார்த்ததும் மென்பொருள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். மனிதர்களும் அப்படித்தான். ‘இந்தச் சிப்பின் மாடல் இன்னும் வரவில்லை. பழைய சிப்பின் ஃபைலையே பெயர் மாற்றி வைத்திருக்கிறேன். தற்காலிகம். வந்ததும் மாற்ற வேண்டும்.’ கீழே மூன்று வருடத்துக்கு முந்தைய தேதியும், அவளுடைய பெயரும்.

அந்தச் சிப் ஏறிய முதல் போர்டு இதுதான். புதிய சிப் பழையதைப் போல மூன்று மடங்கு வேகம். சரியான ஃபைலைப் போட்டு ஓட்டினாள். ஸ்கோப்பில் பார்த்த அதே துள்ளல், அதே ஆட்டம், அச்சு அசலாக. மாப்பிள்ளையின் தடங்களில் ஒரு குறையும் இல்லை. சிப்பின் காலடியில் இருந்த ரெசிஸ்டர்களின் மதிப்பைக் கொஞ்சம் கூட்டினாள், ஆட்டம் அடங்கிவிட்டது. அவளுக்கு அவமானத்தில் காது சுட்டது.

நேராக அவர் மேசைக்குப் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும்க்கா. முதல் போர்டு வந்தப்பவே ஃபைலைத் திறந்து பாத்துட்டேன்.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“வீட்ல உங்க தங்கச்சிகிட்ட சொன்னேன். எங்கக்கா அப்படிச் செய்யவே மாட்டானு மூணு நாள் எங்கூடப் பேசல. கட்டினவளே நம்பல, இங்க யாரு நம்புவாங்க?”

அன்று மதியமே அவள் மேனேஜரின் அறைக்குள் நுழைந்தாள். நான்காம் வரியைக் காட்டினாள், இரண்டு ஃபைலையும் ஓட்டிக் காட்டினாள். தப்பு என்னுடையது, மாற்றுவதானால் என்னை மாற்றுங்கள் என்றாள். மேனேஜர் உருகிப்போனார். இரண்டு மாதமாக யாருக்கும் பிடிபடாததைக் கண்டுபிடித்தது யார், நீங்கள்தானே என்றார். குறிப்பு வரியெல்லாம் ஒரு தப்பா, சாஃப்ட்வேரே படிக்காததை மனுஷன் படிப்பானா என்று அவளையே சமாதானப்படுத்தினார். அவள் விடாப்பிடியாக நின்றதால் மாற்றல் ரத்தானது. மாலையில் எல்லாருக்கும் மின்னஞ்சல் வந்தது. போர்டின் கோளாறை அக்கா கண்டறிந்து சரிசெய்துவிட்டார். அவருடைய வேண்டுகோளை ஏற்று, லேஅவுட் பொறியாளருக்கு இன்னொரு வாய்ப்பு வழங்கப்படுகிறது.

அக்கா ஓடிப்போய்ப் பார்த்தாள். மாப்பிள்ளை கிளம்பிவிட்டிருந்தார், மேனேஜரும் கிளம்பிவிட்டிருந்தார். வீட்டுக்குப் போகும் வழியிலேயே தங்கையைப் போனில் கூப்பிட்டாள்.

தங்கை அழுதுகொண்டே எடுத்தாள். உன்னால்தான் அவருக்கு வேலை தங்கியது, இந்த நன்றிக்கடனை எந்த ஜென்மத்தில் தீர்ப்பேன் என்றாள். அக்கா குறுக்கிட்டு, தப்பு முழுக்க என்னுடையது, அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று மூன்று தடவை சொன்னாள்.

“எங்களுக்காக இதையும் நீ தலைல போட்டுக்கிறியாக்கா? அவருக்காகப் பொய் சொல்லாத. எனக்கு அவரையும் தெரியும், உன்னையும் தெரியும்.”

“போனை அவர்கிட்ட குடு.”

கை மாறியது. தங்கை பக்கத்திலேயே நின்று மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“மன்னிச்சிருங்க மாப்பிள்ளை” என்றாள் அக்கா. “திங்கக்கிழமை எல்லாருக்கும் நானே எழுதறேன்.”

‘சொல்லுங்க, வாயைத் திறந்து சொல்லுங்க’ என்று தங்கை அவரை அதட்டுவது கேட்டது.

“ரொம்ப நன்றிக்கா” என்றார் மாப்பிள்ளை.