புகைக்குப் பால்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில எண்டு மாங்குளம் முழுக்கத் தெரியும். பதினாலு வருசமாய் உயர்தரப் பிள்ளையளுக்கு உயிரியல் படிப்பிக்கிறன், கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் பிள்ளையள் பாவங்கள். என்ரை கோபத்தில முக்கால்வாசியை என்ரை மனுசனுக்கெண்டே ஒதுக்கி வைச்சிருக்கிறன்.

மனுசன்ரை பேர் கிருபன். வீட்டு வளவுக்குள்ளையே வெல்டிங் கடை. முந்தி இரும்புக் கேற், யன்னல் கம்பி எண்டு செய்தவர். இப்ப சனத்துக்கு எல்லாம் பளபளக்க வேணும். படிக்குக் கைபிடியும் ஸ்ரெயின்லெஸ், கோயில் வரிசைக் கம்பியும் ஸ்ரெயின்லெஸ். நாள் முழுக்க அதைத்தான் ஒட்டுறார். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வைச்ச தலைமூடி போடுவார், மூக்குக்கு ஒண்டும் இல்லை. மூக்குக்கு அவரிட்டை மருந்து இருக்காம். வேலை முடியிற நேரம் ஒரு கிளாஸ் பசுப்பாலும் ரெண்டு கதலிப்பழமும். பால் புகையைக் கழுவிக்கொண்டு போயிடுமாம், மிச்சம் மீதியைப் பழம் இழுத்துக்கொண்டு போயிடுமாம். எங்கடை பக்கத்து வெல்டிங்காரர் எல்லாருக்கும் இது வேதவாக்கு. ஒவ்வொரு பின்னேரமும் அந்தப் பாலைக் கொண்டுபோய்க் குடுக்கிறது நான்தான்.

போன மாசியில இவருக்கு இருமல் துவங்கி மூண்டு கிழமையாய் நிக்கேல்லை. நெஞ்சுப் படம் எடுத்தம். அந்தப் படம் கைக்கு வருமட்டும் எனக்கு உயிர் இல்லை. கடவுளே எண்டு ஒண்டும் இல்லை. டொக்டர் தொழிலைக் கேட்டுப்போட்டு, வடிகட்டி வைச்ச முகமூடி போடச் சொன்னார். அண்டைக்கே வவுனியாவில ஒண்டு வாங்கினன். இவர் அதைக் கொண்டுவந்து கடைச் சுவரில ஆணியில கொழுவினார். வேர்க்குதாம். அதோடை, பால்தான் குடிக்கிறாராமே.

பால் இரைப்பைக்குப் போகுது, புகை சுவாசப்பைக்குப் போகுது, ரெண்டுக்கும் பாதை வேறை எண்டு சொன்னனான். ரெண்டும் ஒரு வாயாலைதானே உள்ளை போகுது எண்டு கேட்டார். வகுப்பில ஒரு பிள்ளை இப்பிடிக் கேட்டிருந்தால் வெளியில நிப்பாட்டியிருப்பன்.

பல்லைக் கடிச்சுக்கொண்டு முதலில இருந்து சொன்னன். ஸ்ரெயின்லெஸ்ஸில நிக்கல் இருக்கு. ஒட்டேக்கை அது புகையோடை கண்ணுக்குத் தெரியாத தூளாய்ச் சுவாசப்பையின்ரை அடிவரைக்கும் போகும். அங்கை இருக்கிற கலம், அதுதான் செல், அந்தத் தூளை முழுங்கும். உள்ளுக்குப் போன தூள் மெல்ல மெல்லக் கரைஞ்சு நிக்கலைக் கசியவிடும். கலத்துக்குள்ளை சில நொதியங்களுக்கு இரும்பு வேணும், இரும்பு இல்லாட்டி வேலை நடக்காது. நிக்கல் வந்து இரும்பை எழுப்பிப்போட்டு அந்தக் கதிரையில தான் குந்தும். குந்துமே தவிர வேலை செய்யாது. அதுக்குப் பிறகு ஒட்சிசன் தாராளமாய் இருந்தாலும் கலம் மூச்சு முட்டுதெண்டு நினைச்சுத் தாறுமாறாய் நடக்கும். பழுது பாக்கிற நொதியங்களும் சோர்ந்து போகும். கருவுக்குள்ளை டி.என்.ஏ. சில இடத்தில இறுகிச் சுருண்டுபோகும். ‘பெருகினது போதும், நில்’ எண்டு எழுதியிருக்கிற இடம் அந்தச் சுருளுக்குள்ளை அகப்பட்டால் கலத்தாலை அதை வாசிக்கேலாது. எழுத்து அழியேல்லை, ஆனால் வாசிக்கேலாது. எல்லாருக்கும் வருமெண்டில்லை, வந்தாலும் வருசக் கணக்காய் எடுக்கும். ஆனால் புற்றுநோய் துவங்கிற வழியில இது ஒண்டு.

அப்ப பிரேக் இருக்கு, பிடிக்கிற வயர்தான் இறுகிப்போச்சு, அப்பிடித்தானே எண்டு கேட்டார். எனக்கு வந்த சந்தோசத்தில கட்டிப்பிடிச்சிருப்பன். அதுக்குள்ளை, அந்த இறுக்கத்தைத்தான் பால் இளக்குது எண்டாரே பாருங்கோ. தலையில அடிச்சுக்கொண்டு உள்ளை போனன்.

அடுத்த நாள் இவரின்ரை மூக்கில ஒரு வெள்ளைக் கைலேஞ்சியைக் கட்டிவிட்டன். என்னைத் தோற்கடிக்கிற ஆசையில பேசாமல் கட்டவிட்டார். பின்னேரம் அவிழ்த்தால், மூக்குப் பட்ட இடத்தில கறுப்பாய் ஒரு வட்டம். இது துணி பிடிச்ச பெரிய தூள், நுணுக்கமானது துணியையும் தாண்டி உள்ளை போயிட்டுது எண்டன்.

மனுசன் என்ரை கையில இருந்த பாலை வாங்கிக் கோப்பையில ஊத்தி, லேஞ்சியை அதுக்குள்ளை போட்டுக் கசக்கினார். பால் சாம்பல் நிறமாச்சுது, கறை அப்பிடியே இருந்துது. மாட்டுக்காரி வீரம்மா அக்கா வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்துப்போட்டு ஓடி வந்தா. அவான்ரை பாலின்ரை மானம் அல்லோ! அது காலமைப் பால், தண்ணித்தன்மை எண்டு சொல்லி, அப்பதான் கறந்த பால் அரைப் போத்தல் கொண்டுவந்து தானே தேய்ச்சுப் பாத்தா. பிறகு பழத்தையும் பூசித் தேய்ச்சா. லேஞ்சி நாறினதுதான் மிச்சம். நான் சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்து நிலத்தில இருந்திட்டன். இவர் சிரிக்கேல்லை. லேஞ்சியையே பாத்துக்கொண்டு நிண்டார்.

அடுத்த நாள் விடிய ஒரு சொல்லும் சொல்லாமல் மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிட்டார். தோத்த கோபமாக்கும் எண்டு நானும் கோபமாய் இருந்தன். மத்தியானம் வந்து இறங்கினார். புகையை வெளியில இழுக்கிற பெரிய காத்தாடி ஒண்டும், கையில ஒரு பெட்டியும். பெட்டியைத் திறந்தால் நான் வாங்கின மாதிரியே இன்னொரு முகமூடி. எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. ஆணியில ஒண்டு சும்மா தொங்கேக்கை இன்னொண்டு ஏன், காசு மரத்திலையோ காய்க்குது எண்டு துவங்கினன்.

முழுக்கப் பேசி முடியுமட்டும் விட்டார். பிறகு சொன்னார்: “அது எனக்கு. இது உமக்கு. பதினொரு வருசமாய்ப் பாலைக் கையில வைச்சுக்கொண்டு, நான் கடைசி ஒட்டு ஒட்டி முடியுமட்டும் எனக்குப் பக்கத்தில நிக்கிறது ஆர்?”

கலம், கரு, நிக்கல் எண்டு அவ்வளவும் படிப்பிச்ச ரீச்சருக்கு, தனக்கும் ஒரு சுவாசப்பை இருக்கெண்டது நினைவிலையே வரேல்லை. இவர் ராவு முழுக்க அதைத்தான் யோசிச்சிருக்கிறார். எனக்குக் கண் கலங்கிப் போச்சு.

“குனியும்” எண்டார். குனிஞ்சன். என்ரை கொண்டையில கொழுவாமல் பின்னாலை முகமூடி வாரை இழுத்துக் கட்டிவிட்டார்.